பக்கத்தில் ஆள் எடுப்பதா, கடல் கடந்து கொடுப்பதா: சிறிய மென்பொருள் நிறுவனம் நடத்துவோருக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்காவில் பத்து இருபது பேரை வைத்து மென்பொருள் நிறுவனம் நடத்தும் ஒருவரிடம், சென்னையிலோ ஹைதராபாத்திலோ உள்ள நிறுவனம் ஒன்று மணிக்கு 35 டாலருக்குப் பொறியாளரைத் தருவதாகச் சொன்னால், உள்ளூரில் அதைப்போல இரண்டரை மடங்கு செலவழித்து ஒருவரை ஏன் வேலைக்கு எடுக்க வேண்டும் என்ற கேள்வி எழுவது இயல்பு. இருந்தும், இந்தச் சம்பள வித்தியாசத்தை நன்கு அறிந்த நிறுவனங்களே பக்கத்தில் ஆள் எடுக்கின்றன. தன் கணினிப் பணிகளில் ஏறத்தாழ 90 விழுக்காட்டை வெளி நிறுவனங்களிடம் கொடுத்திருந்த ஜெனரல் மோட்டார்ஸ், அந்த விகிதத்தைத் தலைகீழாக்கி 90 விழுக்காட்டைச் சொந்த ஊழியர்களே செய்யும்படி மாற்றப்போவதாக 2012-இல் அறிவித்து, ஆஸ்டின், வாரன், ராஸ்வெல், சாண்ட்லர் ஆகிய அமெரிக்க ஊர்களில் மென்பொருள் மையங்களைத் திறந்தது. கடல் கடந்த பணியையே தொழிலாகக் கொண்டு வளர்ந்த இன்ஃபோசிஸ்கூட, அமெரிக்காவில் 10,000 பேரை வேலைக்கு எடுக்கப்போவதாக 2017-இல் அறிவித்து, அதற்கான முதல் மையத்தை இண்டியானாவில் அமைத்தது. விசா அரசியல் அதற்கு ஒரு காரணம் என்றால், வாடிக்கையாளருக்கு அருகில் ஆள் தேவைப்பட்டது இன்னொரு காரணம்.

இதற்குத் திறமைக் குறைவைக் காரணமாகச் சொல்பவர்களை நான் முழுமையாக மறுக்கிறேன். சோழிங்கநல்லூரில் அமர்ந்து வேலை செய்தபோது "சொன்னதை மட்டும் செய்கிறார்" என்று குறை கூறப்பட்ட அதே பொறியாளர், ஆன்சைட்டுக்கு, அதாவது வாடிக்கையாளரின் இடத்துக்கே, போன சில மாதங்களில் குழுவின் முதுகெலும்பாக மாறுவதை இத்துறையில் இருப்பவர்கள் எல்லோரும் கண்டிருப்பார்கள். இடையில் அவருடைய அறிவு மாறியிருக்காது. முடிவுகள் எடுக்கப்படும் பேச்சு அவர் காதில் விழத் தொடங்கியிருக்கும். ஆகவே ஆளின் விலையைப் பார்க்குமுன் வேலையின் தன்மையை அளந்து பாருங்கள் என்பதே நான் சொல்ல வருவது. எந்த வேலைக்கு நிறையக் கேள்விகள் கேட்க வேண்டியிருக்கிறதோ, அந்த வேலை விடை தெரிந்தவர்களின் பக்கத்தில் இருக்க வேண்டும். எழுதிக் கொடுத்தால் போதும் என்ற அளவுக்கு முடிவான வேலை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம்.

தொடங்குமுன் ஒரு தெளிவு வேண்டும். வேலையை வேறொரு நிறுவனத்திடம் கொடுப்பதும், வேலையைத் தூரத்தில் வைப்பதும் இரண்டு தனித்தனி முடிவுகள். உள்ளூரிலேயே இன்னொரு நிறுவனத்திடம் வேலையைக் கொடுக்கலாம். கடல் கடந்த ஊரில் சொந்த ஊழியர்களையே வைத்துக்கொள்ளலாம். பெரிய பன்னாட்டு நிறுவனங்கள் இந்தியாவில் நடத்தும் சொந்த மையங்கள் 1,700-க்கும் மேல் என்று இந்திய மென்பொருள் நிறுவனங்களின் சங்கமான நாஸ்காம் 2024-இல் கணக்கிட்டது. அவை எல்லாம் இந்த இரண்டாம் வகை. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டால், பின்னால் போடும் கணக்கு எதுவும் சரியாக வராது.

முதல் வேலை: கேள்விகளை எண்ணுதல்

இப்போது இருக்கும் குழுவை இரண்டு வாரங்களுக்கு ஒரு சிறிய குறிப்பேடு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஒரு பொறியாளர் தனக்குக் கொடுக்கப்பட்ட வேலையை முடிப்பதற்காக, நிரல் எழுதாத ஒருவரிடம், அதாவது விற்பனையாளர், வாடிக்கையாளர், கணக்கர், நிறுவன உரிமையாளர் போன்றவர்களிடம் கேட்ட ஒவ்வொரு கேள்வியையும் அதில் ஒரு வரியில் எழுத வேண்டும். விடை கிடைக்க எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதையும், அந்த விடையால் செய்துகொண்டிருந்த வேலை மாறியதா என்பதையும் பக்கத்தில் குறிக்க வேண்டும். இதைத் தனி மென்பொருளில் செய்ய வேண்டியதில்லை. ஒரு எக்செல் தாளே போதும். நேரில் கேட்டவற்றையும் விடாமல் எழுத வேண்டும் என்பதுதான் முக்கியம், ஏனென்றால் மேசைக்கு மேசை எட்டிப்பார்த்துக் கேட்கும் கேள்விகள் எந்த மின்னஞ்சலிலும் பதிவாவதில்லை.

பிறகு அந்தத் தாளை வேலைவாரியாகப் பிரித்துப் பாருங்கள். ஒரு பழைய தரவுத்தளத்தைப் புதிய பதிப்புக்கு மாற்றிய வேலையில் இரண்டு வாரத்துக்கும் சேர்த்து நாலைந்து கேள்விகள் இருக்கலாம். புதிய விலைப்பட்டியல் பக்கத்தை வடிவமைத்த வேலையில் நாளொன்றுக்கே அத்தனை இருக்கலாம். அவற்றில் பாதி, வேலையின் போக்கையே மாற்றியிருக்கும். முதல் வகையை எழுதிக் கொடுக்க முடியும். இரண்டாம் வகையை எழுதிக் கொடுக்க முடியாது; என்ன வேண்டும் என்பது கேட்பவருக்கே முழுதாகத் தெரியாது, பாதி செய்த ஒன்றைக் கண்ணால் பார்த்த பிறகுதான் தெரியும். 2001-இல் யூட்டா மாநிலத்தின் ஸ்னோபேர்டில் கூடி, மென்பொருளைச் சிறு சிறு படிகளாக உருவாக்கும் ஏஜைல் முறையின் கொள்கைகளை வகுத்த 17 பேர், ஒரு குழுவுக்குள் தகவலைக் கடத்த நேருக்கு நேர் பேசுவதே மிகச் சிறந்த வழி என்று எழுதிவைத்தது இந்த இரண்டாம் வகை வேலையை மனத்தில் வைத்துத்தான். காணொளி அழைப்புகள் அன்றைக்கு இருந்ததைவிட இன்று பலமடங்கு மேம்பட்டுவிட்டன என்பதை ஒப்புக்கொள்கிறேன்; ஆனால் அழைப்பில் ஒருவரைப் பிடிப்பதற்கு அவர் அந்த நேரத்தில் விழித்திருக்க வேண்டும்.

இன்னொன்றையும் அந்தத் தாளில் தேடுங்கள். நிறுவனம் பேசிக்கொள்ளும் விதமே அது கட்டும் மென்பொருளின் வடிவமாகிவிடும் என்று கணினி அறிஞர் மெல்வின் கான்வே 1968-இல் எழுதினார். இரண்டு குழுக்களுக்கு இடையே பேச்சு அரிதாக இருந்தால், அவை எழுதும் நிரல்களுக்கு இடையேயும் கனத்த சுவர் எழும். சில இடங்களில் அந்தச் சுவர் நல்லதுதான்: பணம் செலுத்தும் பகுதி தனியாக, தெளிவான வாயிலோடு இருப்பது பாதுகாப்பு. ஆனால் வாடிக்கையாளர் ஒரே திரையில் பார்க்கும் அம்சத்தின் பாதியை இங்கும் பாதியை அங்கும் எழுதவைத்தால், இணைப்பில் வரும் பிழைகளை இரு தரப்பும் மற்றவருடையது என்றே எண்ணும். வேலையைப் பிரிக்க வேண்டுமானால், மென்பொருளில் ஏற்கெனவே தெளிவான எல்லை இருக்கும் இடத்தில் பிரியுங்கள்.

இரண்டாவது: கடிகாரத்தைப் பார்த்தல்

நியூயார்க்கில் காலை 9 மணி என்றால் சென்னையில் குளிர்காலக் கணக்கில் மாலை 7.30, கோடைக் கணக்கில் 6.30. சான் பிரான்சிஸ்கோவின் காலை 9 மணி சென்னைக்கு இரவு 10.30 அல்லது 9.30. இதன் பொருள், யாராவது ஒரு தரப்பு தன் வீட்டு நேரத்தைக் கொடுத்தால்தான் பேச முடியும் என்பது. நடைமுறையில் அதைக் கொடுப்பவர்கள் பெரும்பாலும் நம் ஊர்ப் பொறியாளர்கள்தான். இரவு 11 மணிக் கூட்டத்தில் தொடர்ந்து உட்காரவைக்கப்படும் நல்ல பொறியாளர் வேறு வேலை தேடிப் போய்விடுவார், அவரோடு உங்கள் மென்பொருளைப் பற்றிய அறிவும் போய்விடும். இலண்டன் நிறுவனத்துக்கு இந்தச் சிக்கல் குறைவு: அங்கு காலை 9 மணி என்பது சென்னையில் பகல் 1.30 அல்லது 2.30 என்பதால், நாளில் நான்கைந்து மணி நேரம் இரு தரப்பும் இயல்பாக வேலையில் இருக்கும். அமெரிக்க நிறுவனங்களில் பல, மெக்சிகோ, கொலம்பியா போன்ற நாடுகளில் ஆள் தேடுவதற்கு இதே கடிகாரம்தான் காரணம்.

இதைக் கணக்கில் கொண்டுவர எளிய வழி ஒன்று உண்டு. முன்பு எழுதிய கேள்விப் பட்டியலில், பத்து நிமிடத்தில் விடை கிடைத்த ஒவ்வொரு கேள்விக்கும் "மறுநாள்" என்று போட்டுப் பாருங்கள். ஒரு வேலையில் ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து கேள்விகள் எழுந்திருந்தால், ஒரு நாளில் முடிந்த அந்த வேலை ஒரு வாரமாகும். பொறியாளர் அந்த வாரம் முழுவதும் சும்மா இருக்கமாட்டார். ஊகித்துச் செய்வார், அல்லது வேறொரு வேலையைத் தொடங்குவார். இரண்டுக்கும் விலை உண்டு.

மூன்றாவது: முழுச் செலவைப் போடுதல்

இங்குதான் பலர் ஏமாந்துபோகிறார்கள், ஆகவே சற்று விரிவாகப் பார்ப்போம். கீழுள்ளவை எடுத்துக்காட்டுக்காக நான் வைத்துக்கொண்ட எண்கள். உங்கள் எண்களை இட்டு நிரப்பிக்கொள்ளுங்கள்.

உள்ளூர்ப் பொறியாளரின் ஆண்டுச் சம்பளம் 1,40,000 டாலர் என்று கொள்வோம். சமூகப் பாதுகாப்புக்கும், முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கேருக்கும் முதலாளி கட்ட வேண்டிய 7.65 விழுக்காடு 10,710 டாலர். மருத்துவக் காப்பீடு, கணினி, இதரச் சலுகைகளுக்கு 20,000 டாலர் சேர்த்தால் மொத்தம் 1,71,000-ஐ ஒட்டி வரும். கடல் கடந்த பொறியாளருக்கு மணிக்கு 35 டாலர் வீதம் 1,900 மணி நேரத்துக்கு 66,500. பலர் இந்த இடத்திலேயே கணக்கை நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் தேவைகளை விரிவாக எழுதவும், இரவு அழைப்புகளில் விளக்கவும், வந்த நிரலைச் சரிபார்க்கவும் உங்கள் மூத்த பொறியாளர் வாரத்துக்கு 8 மணி நேரம் கூடுதலாகச் செலவிடுவார். அவர் நேரத்தின் மதிப்பு மணிக்கு 100 டாலர் என்றால் 50 வாரத்துக்கு 40,000. தவறாகப் புரிந்துகொண்டதைத் திரும்பச் செய்ய 15 விழுக்காடு என்று வைத்தால் ஏறத்தாழ 10,000. ஆண்டுக்கு இரண்டு பயணங்களுக்கு 6,000. ஆக 1,22,500. வித்தியாசம் ஒரு லட்சத்திலிருந்து 48,000-க்குச் சுருங்கிவிட்டது.

இன்னும் 48,000 மிச்சம் இருக்கிறதே என்றால், ஆம், இருக்கிறது. அதை மறைப்பது நேர்மையாகாது. இந்த ஒருவர் செய்வது கேள்விகள் நிறைந்த வேலையாக இருந்து, அதனால் ஒரு முக்கிய அம்சம் மூன்று மாதம் பிந்தி வெளிவந்து, காத்திருந்த இரண்டு பெரிய வாடிக்கையாளர்கள் போய்விட்டால் அந்த மிச்சம் ஒரே காலாண்டில் கரைந்துவிடும். முடிவான, அமைதியான பராமரிப்பு வேலையாக இருந்தால் மிச்சம் மிச்சமாகவே இருக்கும்.

இதே கணக்கை ஐந்து பேருக்குப் போட்டுப் பார்த்தால் ஒரு முக்கியமான விஷயம் புலப்படும். ஐந்து பேர் கொண்ட குழுவை வழிநடத்த, ஒருவருக்கு ஆகும் நேரத்தைப்போல ஐந்து மடங்கு ஆகாது. வாரத்துக்கு 20 மணி நேரம் போதும் என்று கொண்டால், அது ஆண்டுக்கு 1,00,000 டாலர். ஐவருக்கும் பகிர்ந்தால் தலைக்கு 20,000-தான். எனவே தூரத்தின் சுமை பெரிய நிறுவனத்துக்கு இலேசாகவும், ஓரிருவரை மட்டும் எடுக்க நினைக்கும் சிறிய நிறுவனத்துக்குப் பாரமாகவும் இருக்கிறது. பெரிய வங்கி செய்து வெற்றி கண்டதைப் பார்த்து, பத்துப் பேர் கொண்ட நிறுவனம் அதே வழியில் போனால் அதே பலன் கிடைக்காததற்கு இதுவே காரணம். சந்தையில் ஆள் தேடி, பேரம் பேசி, ஒப்பந்தம் எழுதி, அதை மேற்பார்ப்பதற்கு ஆகும் செலவே நிறுவனம் என்ற அமைப்பு தோன்றக் காரணம் என்று பொருளியலாளர் ரொனால்ட் கோஸ் 1937-இலேயே விளக்கினார். சிறிய நிறுவனம் அந்தச் செலவைத் தன் உரிமையாளரின் நேரத்திலிருந்தே கட்டுகிறது.

நான்காவது: வரியும் சட்டமும்

அமெரிக்க நிறுவனம் என்றால், மென்பொருள் உருவாக்கச் செலவை வருமானத்திலிருந்து எப்போது கழிக்கலாம் என்பதைக் கணக்காளரிடம் கட்டாயம் கேளுங்கள். 2017-இல் இயற்றப்பட்ட வரிச் சட்டத்தின் ஒரு பிரிவு 2022-இல் நடைமுறைக்கு வந்தபோது, உள்நாட்டில் நடந்த உருவாக்கப் பணியின் செலவை 5 ஆண்டுகளிலும், வெளிநாட்டில் நடந்ததை 15 ஆண்டுகளிலும் சிறுகச் சிறுகத்தான் கழிக்க முடிந்தது. 2025 ஜூலையில் வந்த சட்டம் உள்நாட்டுச் செலவை அந்த ஆண்டே முழுதாகக் கழிக்க மீண்டும் அனுமதித்தது. வெளிநாட்டுச் செலவுக்கு 15 ஆண்டு விதி அப்படியே நிற்கிறது. முதல் ஆண்டில் அரை ஆண்டுப் பங்குதான் கணக்காகும் என்பதால், இந்தியாவில் 3,00,000 டாலருக்குப் புதிய மென்பொருள் உருவாக்கினால் அந்த ஆண்டு கழிக்கக்கூடியது வெறும் 10,000. கையிருப்பு குறைவாக உள்ள நிறுவனத்துக்கு இது உயிர்ப்பிரச்சினை. வழக்கமான பிழைதிருத்தப் பராமரிப்பு பொதுவாக இதில் சேராது. எது பராமரிப்பு, எது மேம்பாடு என்பதை ஒப்பந்தத்திலேயே பிரித்து எழுதிவைப்பது நல்லது.

தூரத்தில் இருப்பவரை இங்கே அழைத்துக்கொள்ளலாம் என்ற நடுவழியும் குறுகிவிட்டது. வெளிநாட்டு நிபுணர்கள் அமெரிக்காவில் வேலை செய்வதற்கான எச்-1பி விசாக்களின் ஆண்டு வரம்பு 65,000-ம், அமெரிக்காவில் முதுநிலைப் பட்டம் பெற்றவர்களுக்கான 20,000-ம்தான். 2025 செப்டம்பரில் வெளியான அதிபர் ஆணை, அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவர்களுக்கான புதிய விண்ணப்பங்களுக்கு 1,00,000 டாலர் செலுத்த வேண்டும் என்றது. சிறிய நிறுவனம் இதைத் திட்டத்தின் அடிப்படையாக வைத்துக்கொள்ளக் கூடாது.

சில வேலைகளில் தேர்வுக்கே இடமில்லை. பாதுகாப்புத் துறைக்கான தொழில்நுட்பத் தகவல் அமெரிக்கக் குடிமகனோ அங்கு நிரந்தரமாக வசிக்கும் உரிமை போன்ற தகுதி பெற்றவரோ அல்லாத ஒருவரின் கண்ணில் படுவதையே ஏற்றுமதியாகக் கருதும் விதிகள் உள்ளன. மருத்துவத் தரவுக்கான ஹிப்பா சட்டம் வெளிநாட்டுப் பணியை நேரடியாகத் தடுக்காவிட்டாலும், ஏழைகளுக்கான அரசு மருத்துவத் திட்டமான மெடிக்கெய்டில் சில மாநிலங்களின் ஒப்பந்தங்கள் தடுக்கின்றன. ஐரோப்பியரின் தனிப்பட்ட தரவை இந்தியாவில் உள்ள இன்னொரு நிறுவனத்தின் ஊழியர் திரையில் பார்ப்பதே தரவுப் பரிமாற்றமாக எண்ணப்படும். அதற்கான நிலையான ஒப்பந்தப் பிரிவுகள் கையெழுத்தாகியிருக்க வேண்டும். உங்கள் வாடிக்கையாளரின் ஒப்பந்தத்தை எடுத்து, தரவு எங்கே இருக்க வேண்டும், யார் பார்க்கலாம் என்ற வரிகளை முதலில் படித்துவிடுங்கள். அங்கே தடை இருந்தால் மேலே போட்ட கணக்கு எதுவும் தேவைப்படாது.

ஐந்தாவது: எழுதப்பட்ட நிரல் யாருடையது

அமெரிக்காவில் ஊழியர் தன் வேலையின் பகுதியாக எழுதிய நிரல், தனியாக எதுவும் எழுதாவிட்டாலும் நிறுவனத்துக்கே சொந்தம். வெளி நிறுவனத்திடமிருந்து வாங்கும் நிரலுக்கு எழுத்து வடிவிலான உரிமை மாற்றம் வேண்டும். அந்த மாற்றம் இந்தியச் சட்டத்தின்கீழ் எழுதப்பட்டால், 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 19-ஆம் பிரிவைக் கவனிக்காமல் கையெழுத்திடாதீர்கள். கால அளவு குறிப்பிடப்படாவிட்டால் உரிமை மாற்றம் 5 ஆண்டுகளுக்கு மட்டுமே என்றும், நிலப்பரப்பு குறிப்பிடப்படாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டுமே என்றும் அச்சட்டம் கொள்கிறது; பெற்ற உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகும் என்ற விதியும் உண்டு. "உலகம் முழுவதற்கும், உரிமைக் காலம் முழுவதற்கும், பயன்படுத்தாவிட்டாலும் காலாவதியாகாது" என்ற மூன்றும் ஒப்பந்தத்தில் வெளிப்படையாக இருக்க வேண்டும். காப்புரிமைக்குரிய கண்டுபிடிப்பு இந்தியாவில் வசிப்பவரிடமிருந்து வந்தால், முதலில் வெளிநாட்டில் விண்ணப்பிப்பதற்கு இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் அனுமதி வேண்டும் என்பதையும் வழக்கறிஞரிடம் நினைவூட்டுங்கள்.

யாரைப் பக்கத்தில் வைப்பது

இத்தனைக்கும் பிறகு, பெரும்பாலான சிறிய நிறுவனங்களுக்கு நான் சொல்லும் வரிசை இது. முதல் மூன்று நான்கு பொறியாளர்கள், உரிமையாளரும் வாடிக்கையாளரும் வேலை செய்யும் அதே நேரத்தில் வேலை செய்பவர்களாக இருக்கட்டும். ஒரே கட்டடத்தில் இருக்க வேண்டியதில்லை. அதே நாட்டில் வேறு ஊரில் வீட்டிலிருந்து வேலை செய்தாலும் கடிகாரமும் வரியும் சட்டமும் பொருந்திவிடுகின்றன. வாடிக்கையாளருடன் பேசுபவர், கட்டமைப்பை முடிவு செய்பவர், நள்ளிரவில் சேவை நின்றால் பொறுப்பேற்பவர் ஆகியோரைத் தூரத்தில் வைக்காதீர்கள். தானியங்கிச் சோதனைகள் எழுதுவது, பதிப்பு மாற்றம், நன்கு வரையறுக்கப்பட்ட இணைப்புகள், உங்கள் இரவில் தேவைப்படும் கண்காணிப்பு ஆகியவற்றைத் தூரத்தில் கொடுக்கலாம். கண்காணிப்பில் நேர வித்தியாசம் உதவியாகவே அமைகிறது.

சென்னையிலிருந்து இதைப் படிக்கும் பொறியாளர்களுக்கும் இதே அளவுகோல் பயன்படும். பக்கம் என்பது முடிவெடுக்கப்படும் இடத்தின் பக்கம். அது அமெரிக்காவாக இருந்தே தீர வேண்டும் என்பதில்லை. 1996-இல் தொடங்கி ஸோஹோவாக வளர்ந்த நிறுவனத்தின் பொறியாளர்களுக்கும், 2010-இல் சென்னையில் பிறந்த ஃப்ரெஷ்வொர்க்ஸின் பொறியாளர்களுக்கும் சென்னைதான் உள்ளூர். அங்கே அமெரிக்க வாடிக்கையாளர்தான் தூரத்தில் இருக்கிறார். நேர்முகத் தேர்வில், அடுத்த காலாண்டில் எதை உருவாக்குவது என்பதை யார் முடிவு செய்கிறார், அவர் எந்த ஊரில் உட்கார்ந்திருக்கிறார், அவரோடு நான் நேரடியாகப் பேசலாமா என்ற மூன்றையும் தயங்காமல் கேளுங்கள். விடை சென்னை என்றால், சம்பளம் சற்றுக் குறைவாக இருந்தாலும் அந்த வேலையில் கற்பது அதிகம் என்பது என் கருத்து.

கடைசியாக, ஏற்கெனவே வெளியே கொடுத்துவிட்ட வேலையை உள்ளே கொண்டுவர நினைப்பவர்களுக்கு. நிரல் களஞ்சியம், மேகக் கணக்குகள், டொமைன் பெயர்கள், செயலிக் கடைகளின் கணக்குகள் ஆகிய அனைத்தும் உங்கள் நிறுவனத்தின் பெயரில் உள்ளனவா என்பதை, ஒப்பந்தத்தை முடிக்கப்போவதாகச் சொல்வதற்கு முன்பே சரிபார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். இந்தியாவின் பெரிய நிறுவனங்களில் நோட்டீஸ் காலம் 90 நாள் வரை இருப்பது வழக்கம். அமெரிக்காவில் இரண்டு வாரம் சொல்லிவிட்டுப் போவது வழக்கம். இந்த வித்தியாசம் உங்களுக்குச் சாதகமானது, ஏனென்றால் புதிதாக எடுத்த உள்ளூர்ப் பொறியாளர் வேலையில் சேர்ந்த பிறகும் பழைய குழு இருக்கும்படி திட்டமிட முடியும். குறைந்தது இரண்டு வெளியீடுகளையாவது புதியவர் செய்ய, பழையவர்கள் அருகிருந்து பார்க்கட்டும். அந்த நாள்களில் பழைய குழு சொல்லும் ஒவ்வொரு விளக்கத்தையும் புதியவரே எழுதி, பழையவர்களிடம் காட்டித் திருத்தம் வாங்கிக்கொள்ள வேண்டும். அந்தக் குழுவுக்குக் கொடுக்க வேண்டிய கடைசிக் கட்டணத் தொகையைக் காலம் தாழ்த்தாமல் கொடுத்துவிடுங்கள். மென்பொருளில் ஏதோ ஒரு மூலையில் எழும் சந்தேகத்துக்காக, ஆறு மாதம் கழித்து அவர்களில் ஒருவரை நீங்கள் மீண்டும் அழைக்க வேண்டியிருக்கும்.